பிரித்து அடுக்கிய அலமாரி

அன்று ஈகில் ஹால்டினின் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். இறந்துபோன ஈகிலின் அக்கா ஹெட்விக் ஹால்டின், வயது எழுபத்தெட்டு, தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஈகிலின் ஒரே மகள் மாலின், வெக்ஷோ நகரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்தவள். பட்டியல் எழுத வந்த இருவர்: ஊர் மரபுச் சங்கத்தின் செயலாளர் ஹோல்கர் சண்டேல், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாய்லிஸ் ப்ரூ. வேறு யாரும் இல்லை.

ஒருவர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் அவர் விட்டுச்சென்ற பொருட்களைப் பட்டியல் எழுதியாக வேண்டும். உறவில்லாத இரண்டு பேர் நேரில் பார்த்து மதிப்புப் போட வேண்டும். அது சட்டம். ஆனால் அந்த இருவரில் ஒருவராக ஹோல்கர் சண்டேலைக் கூப்பிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாலின் யாரையும் கேட்காமல் கூப்பிட்டுவிட்டாள்.

"ஏம்மா, ஊருல வேற ஆம்பளையே கெடைக்கலையா உனக்கு?" என்று வாசலில் நின்று பல்லைக் கடித்தாள் ஹெட்விக்.

"அவர்தான் அத்தை எல்லார் வீட்டுக்கும் போறார். ஓசியா வரார். அவருக்கென்ன?"

அவருக்கென்ன என்பதை ஹெட்விக் சொல்லவில்லை. சொன்னால் பத்தொன்பது வருடத்துப் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஹால்டின் குடும்பத்துக்கு ஒரு அலமாரி உண்டு. 1791ஆம் வருடம் ஒரு மணப்பெண் தன்னோடு கொண்டுவந்தது. நீல நிறம், கதவுகளில் சிவப்புப் பூங்கொத்துகள், உச்சிப் பலகையில் அந்தப் பெண்ணின் முதலெழுத்துகளும் ஆண்டும். ஆறு தலைமுறையாக வீட்டு ஆண்பிள்ளையிடம் போய், கடைசியில் ஈகிலிடம் வந்து நின்றது. மரபுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வருடா வருடம் ஹோல்கர் எழுந்து, "அந்த அலமாரி எப்படி இருக்குன்னு யாராவது பாத்தீங்களா?" என்று கேட்பார். தலைவி நாற்காலியிலிருந்து ஹெட்விக் பதில் சொல்வாள்: "நடு அறையில நிக்குது. வசந்தம் வந்தா ஈகில் மெழுகு போட்டுடுவான்." போன இலையுதிர்காலத்தில் அதற்கும் மேலே போய், தம்பியின் காலத்துக்குப் பிறகு அலமாரி சங்கத்து அருங்காட்சியகத்துக்கு வரும் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். குடும்பப் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகூட வார்த்தாயிற்று.

அவள் அந்த வீட்டுக்குள் கடைசியாக வந்தது பத்தொன்பது வருடத்துக்கு முன்னால். ஈகிலின் மனைவி இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, ஒருமுறை காபி வடித்த காகித வடிகட்டிகளை அவன் வரிசையாகக் காயப் போட்டிருந்தான், மறுபடி உபயோகிக்க. "பன்னித் தொழுவத்தைக்கூட வாரத்துக்கு ஒருதரம் கழுவறாங்க ஈகில்" என்றாள் அவள். அவன் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவள் வெளியே வந்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கல்லறைத் தோட்டத்திலும் மாலின் வீட்டுக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டிலும் பார்த்துக்கொண்டார்கள். எப்போதும் மழித்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. அவன் வீடு எப்படி இருக்கும் என்று யாரும் ஊகித்திருக்க முடியாது.

மாலின் கதவைத் திறந்தாள். உள்ளிருந்து நாற்றம் ஒரு ஆள் போல எழுந்து வந்தது.

"ரெண்டு மாசமா பூட்டிக் கெடக்கு, அதான்" என்றாள் மாலின், மூக்கைப் பொத்திக்கொண்டு.

வெளியே மே மாத வெயில். பிர்ச் மரங்கள் அப்போதுதான் துளிர்விட்டிருந்தன. நால்வரும் பழக்கத்தில் ஷூவைக் கழற்றக் குனிந்தார்கள். மாய்லிஸ் உள்ளே தரையை எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஹெட்விக், கோவிச்சுக்காதீங்க, நான் ஷூவோடயே வரட்டுமா?"

"ஹால்டின் வீட்டுக்குள்ள இதுவரைக்கும் யாரும் ஷூ போட்டுக்கிட்டு வந்ததில்ல."

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. நால்வரும் வெறும் காலுறையோடு உள்ளே போனார்கள். நாலாவது எட்டிலேயே ஹெட்விக்கின் கால் தரையோடு ஒட்டியது. தூக்கினால் பிசுக்கென்று ஒரு சத்தம். ஹோல்கரின் காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை. அந்த விரல் ஏற்கெனவே கறுத்திருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு ஒரு கணம் திருப்தி. அடுத்த கணம் தன் காலைப் பார்த்தாள். கணுக்கால் வரை பழுப்பு.

நடைவழியில் ஒருக்களித்துத்தான் போக முடிந்தது. இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை வெள்ளை ரேக்குகள். மரத்தூளை அழுத்தி ஒட்டிய பலகையில் செய்து, அட்டைப்பெட்டியில் தட்டையாக வந்து, நாமே ஸ்க்ரூ போட்டு நிறுத்திக்கொள்கிற ரேக்குகள். ஊர் எல்லையில் இருக்கும் தொழிற்சாலையில் அவற்றைப் பொட்டலம் கட்டும் பிரிவில்தான் ஈகில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தான். மூலை உடைந்தவற்றை வீட்டுக்கு எடுத்து வருவான்.

ஹோல்கர் ஒரு ரேக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "எல்லாத்தையும் செவுத்தோட முடுக்கியிருக்கான். நூல் பிடிச்சாப்ல நிக்குது. இதுக்குள்ள இருக்கறது மட்டும் குப்பை."

குப்பை என்றாலும் ஒழுங்கான குப்பை. ஒவ்வொரு பெட்டியிலும் ஈகிலின் அழகான கையெழுத்தில் சீட்டு. "மூடி இல்லாத டப்பாக்கள்." பக்கத்துப் பெட்டியில் "டப்பா இல்லாத மூடிகள்." இரண்டையும் பொருத்திப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை போலும். "ஸ்க்ரூ முடுக்கும் ஆலன் கீ, ஒரே அளவு." "மிச்சமான ஸ்க்ரூ." "நூல், எதற்கும் எட்டாதது." "பழைய பல்துலக்கி, ஷூவுக்கு." "கிழிந்த கையுறை, இடது." "சோப்புத் துண்டுகள்" என்ற பெட்டியை மாய்லிஸ் திறந்தாள். தேய்ந்த சோப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. அந்தக் கட்டி முழுவதும் நரைத்த முடி. மாய்லிஸ் மூடியைப் போட்டுவிட்டு விரல்களைத் தன் கோட்டில் துடைத்தாள், பிறகு கோட்டைப் பார்த்து முகம் சுளித்தாள்.

கழுவி மடித்த பால் அட்டைகள் ஆயிரக்கணக்கில். சரியாகக் கழுவாதவற்றின் மடிப்புகளில் கறுப்பாகப் பூத்திருந்தது. லிங்கன்பெர்ரிப் பழ ஜாம் பாட்டில்களின் உள்ளே சாம்பல் நிறத்தில் ரோமம் முளைத்திருந்தது. செய்தித்தாள் கட்டுகளை எலிகள் கடித்துப் பஞ்சாக்கி அதில் குட்டி போட்டு, குட்டிகள் செத்து, உலர்ந்து, சுக்குப் போலக் கிடந்தன.

ஒரே தாய் வயிற்றில் பிறந்தவன் என்று நினைத்தபோது ஹெட்விக்குக் கோபம் வரவில்லை. குமட்டல்தான் வந்தது.

"ரேக், வெள்ளை, அறுபத்து மூணு" என்று எழுதினாள் மாய்லிஸ்.

"நடு அறை எந்தப் பக்கம் ஹெட்விக்?" என்றார் ஹோல்கர். "அந்த அலமாரியை மொதல்ல பாத்துடலாம். கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்."

"நேரா போங்க."

"நாம ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சோம். இன்னும் என்ன நீங்க, வாங்க?"

அவளே முன்னால் போய்த் தள்ளினாள். நடு அறைக் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே மூன்று பக்கமும் ரேக். அலமாரி நின்ற சுவரில் மூன்று ரேக், பக்கத்தில் பக்கத்தில். அலமாரி இல்லை.

ஹோல்கர் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். "ஆகா. மெழுகு வாசனை தூக்குது."

ஹெட்விக்கின் கழுத்து நிமிர்ந்தபடியே இருந்தது. காது மட்டும் சிவந்தது.

"எனக்குப் பத்து வயசுல இங்கதான் இருந்துச்சு அத்தை" என்றாள் மாலின் மெதுவாக.

"வித்துட்டானோ?" என்றார் ஹோல்கர்.

"எங்க வீட்டுல யாரும் எதையும் விக்க மாட்டாங்க."

"அப்ப எழுந்து நடந்து போயிருக்கும்."

மாய்லிஸ் நல்லவள். இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, பையிலிருந்து பிளாஸ்கையும் லவங்கப்பட்டை ரொட்டிகளையும் எடுத்தாள். பட்டியல் எழுதும் இடத்தில் காபி குடிக்காமல் இருப்பது அநாகரிகம். கொடுத்ததை வேண்டாம் என்பது அதைவிட அநாகரிகம். நால்வரும் அந்த நாற்றத்தில் நின்றபடியே காபி குடித்தார்கள். ஒரு பச்சை ஈ ஹெட்விக்கின் ரொட்டியில் உட்கார்ந்தது. அவள் அதை ஊதி விரட்டிவிட்டு ரொட்டியைக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

கோப்பையை வைக்க இடம் தேடி மாலின் ஒரு பெட்டியை நகர்த்தினாள். நகர்த்தியவள் அப்படியே நின்றாள்.

"அத்தை. இதைப் படிங்க."

"அலமாரி, 1791. மர ஆணி, கீல், சாவி" என்று சீட்டில் இருந்தது. உள்ளே இறுகக் கட்டிய சின்னப் பைகள், அடியில் நான்காக மடித்த ஒரு தாள். தாளின் முன்பக்கம் முழுவதும் படம். எழுத்தே இல்லை, பலகைகள், அம்புக்குறிகள், எண்கள், எது எதற்குள் நுழையும் என்பது மட்டும். தொழிற்சாலைப் பொட்டலத்துக்குள் வைக்கிற தாளைப் போலவே. பின்பக்கம் ஒரு வரிசை. "1: நடை, இடப்பக்கம், மூன்றாவது ரேக், ஜாமுக்குக் கீழே. 2: அதே ரேக், ஒரு தட்டு மேலே." இப்படியே இருபத்தேழு வரை. கடைசியில் கோடு போட்டு: "மிச்சப்பட்ட இடம், 1.4 கன மீட்டர்."

மாலினுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"அப்பா எப்பவும் சொல்வார் அத்தை. அலமாரின்னா முக்கால்வாசி காத்துதான், காத்தை எதுக்கு வீட்டுல வச்சுக்கணும்னு. பிரிச்சிட்டார். பிரிச்சு... ரேக்குல தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல சும்மா இருந்த எடத்துல எல்லாம் செருகியிருக்கார்."

ஹெட்விக் நடைவழிக்குப் போனாள். மூன்றாவது ரேக்கில், வெள்ளைத் தட்டுகளுக்கு நடுவே பழுப்பாக ஒரு தட்டு. அதன் மேல் ரோமம் முளைத்த ஜாம் பாட்டில்கள். குனிந்து அடியில் பார்த்தாள். நீலம். அதில் தலைகீழாக ஒரு சிவப்புப் பூ. பூவின் நடுவில் எலிப் புழுக்கை.

அவள் யாரையும் அடிக்கிற பெண் அல்ல. ஈகில் அப்போது உயிரோடு எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பாள்.

பின்னாலேயே வந்த ஹோல்கர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மாய்லிஸ், எழுதிக்க. பழைய பலகை, இருபத்தேழு. மதிப்பு இல்ல."

மதிப்பு இல்லாதவற்றை அள்ளிப்போக மறுநாள் காலை லாரி வருகிறது. அது நால்வருக்கும் தெரியும்.

"அலமாரின்னு எழுதுங்க" என்றாள் ஹெட்விக்.

"நிக்காதது அலமாரி இல்ல ஹெட்விக். நான் கண்ணால பாத்ததைத்தான் எழுத முடியும். மாலின் அதுக்குக் கீழ சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும்."

"அப்ப நிக்க வைக்கிறேன். உக்காருங்க. உக்கார எடம் இருந்தா."

கோட்டைக் கழற்றி வாசல் கொக்கியில் மாட்டினாள். சட்டைக் கையை மடித்துவிட்டாள். முதல் ஜாம் பாட்டிலை அவளே எடுத்தாள். அது தட்டோடு ஒட்டியிருந்தது. இழுத்ததும் அடி கழன்று, உள்ளே இருந்தது அவள் மணிக்கட்டில் வழிந்தது. மாலின் ஓடிவந்து அடுத்ததை எடுத்தாள். மாய்லிஸ் தாளைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் படித்தாள். ஹோல்கர் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏழாவது பலகையை ஹெட்விக் தனியாக இழுத்தபோது மறுமுனையை வந்து பிடித்துக்கொண்டார்.

"நீ கீழ போட்டுட்டா நான்தான் தள்ளினேன்னு சொல்லுவ."

"பேசாம தூக்குங்க."

பழைய பல்துலக்கிகளுக்குக் கீழே ஒரு கதவு. பால் அட்டைகளுக்குக் கீழே இன்னொரு கதவு. பின்பக்கப் பலகை ஒன்று படுக்கை அறையில், ஈகிலின் உள்ளாடைகளுக்குக் கீழே. அவற்றைக் கையால் அள்ளித் தரையில் போட்டபோது ஹெட்விக் வேறு பக்கம் பார்த்தாள். ஒவ்வொரு பலகையின் பின்னாலும் மூலையில் பென்சிலால் ஒரு எண், அரை அங்குல உயரத்தில், ஒரே சாய்வில். மூன்று மணிக்குள் சமையலறைத் தரையில் இருபத்தாறு பலகைகள் சேர்ந்துவிட்டன.

"இருபத்தேழு" என்று படித்த மாய்லிஸ் நிறுத்தினாள். "உச்சிப் பலகை. நிலவறை. ஃப்ரீசருக்கு அடியில. தரை மேடுபள்ளம்."

மாலின் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஃப்ரீசரா? எந்த ஃப்ரீசர்?"

"ஏன்?" என்றாள் ஹெட்விக்.

"அடக்கம் முடிஞ்ச அன்னிக்கு உள்ள வராமலே, வாசப்பக்கம் இருக்கற மெயின் சுவிட்சை அணைச்சிட்டுப் போனேன் அத்தை. ஆளில்லாத வீட்டுல கரண்டு எதுக்குன்னு..."

இப்போது அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று நால்வருக்கும் புரிந்தது. ஈகில் வேட்டைக் குழுவில் இருந்தவன். இலையுதிர்கால வேட்டையில் அவன் பங்குக்கு வந்த மூஸ் மான் கறி, ஐஸ்கிரீம் டப்பாக்களில் தேதி எழுதி அடுக்கியது, ஏழு வாரமாக அங்கே இருட்டில் உருகிக்கொண்டிருந்தது.

"விட்டுடு ஹெட்விக்" என்றார் ஹோல்கர். முதல் முறையாக அவர் குரலில் கேலி இல்லை. "இருபத்தாறு போதும். உச்சி இல்லன்னு எழுதிக்கறேன்."

"பேர் அதுலதான் இருக்கு."

அவளும் மாலினும் கைவிளக்கோடு கீழே இறங்கினார்கள். கடைசிப் படியில் காலுறை நனைந்தது. என்ன என்று அவள் விளக்கை அடித்துப் பார்க்கவில்லை. ஃப்ரீசரின் மூடி உப்பித் தானாகவே ஒரு விரற்கடை திறந்திருந்தது. அந்த இடுக்கில் வெள்ளையாக நெளிந்தது. அடியில் தரை முழுவதும் கறுப்பும் சிவப்புமாக ஒரு கூழ், மேலே ஆடை கட்டி. மாலின் திரும்பி மூலையில் வாந்தி எடுத்தாள். ஹெட்விக்குத் தொண்டை வரை வந்தது. இந்த வீட்டில் இதற்கு மேல் ஒரு அசிங்கம் தன்னால் சேரக் கூடாது என்று அதை விழுங்கினாள்.

"மாலின். வாயைத் துடைச்சிக்க. நீ தூக்கு, நான் இழுக்கறேன்."

"முடியல அத்தை."

"முடியலன்னா அப்பறம் அழுவோம். இப்ப தூக்கு."

மாலின் தோளைக் கொடுத்து நெம்பினாள். உள்ளே ஏதோ ஒரு பக்கமாகச் சரிந்து, மூடி இடுக்கு வழியாகச் சூடான எச்சில் போல ஒன்று ஹெட்விக்கின் பின்கழுத்தில் விழுந்து முதுகுக்குள் இறங்கியது. அவள் மண்டியிட்டு, இரண்டு கையையும் அந்தக் கூழுக்குள் விட்டு, பலகையின் விளிம்பைத் தேடிப் பிடித்து இழுத்தாள். வந்தது. கழுத்துத் துணியை உருவி, கவிழ்ந்திருந்த பக்கத்தைத் திருப்பித் துடைத்தாள். மூன்று எழுத்துகள். அப்புறம் ஒன்று, ஏழு, ஒன்பது, ஒன்று.

மேலே கொண்டுவந்து சமையலறையில் சாய்த்தபோது மாய்லிஸ் ஜன்னலுக்கு ஓடிப்போய்த் தலையை வெளியே நீட்டிக்கொண்டாள். அப்படியே நின்று சொன்னாள்: "எங்க இருந்துச்சுன்னு விவரமா எழுதணும்னு ஒண்ணும் இல்ல. வீட்டுல இருந்துச்சுன்னு போட்டா போதும். நம்ம நாலு பேருக்குள்ள இருக்கட்டும்."

அதைக் கேட்க ஹெட்விக்குப் பிடித்திருந்தது. வீட்டில் இருந்தது. பொய்யும் இல்லை. தகட்டில் பெயர், கூட்டத்தில் கைதட்டல். ஹோல்கர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முதுகில் அந்தத் துளி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

"எழுதுங்க மாய்லிஸ்" என்றாள். வகுப்பில் சொல்வதெழுதுதல் சொல்லும் குரல். "உச்சிப் பலகை. நிலவறையில, அழுகின கறிக்குக் கீழ இருந்து எடுத்தது. எழுதிட்டீங்களா? ஹோல்கர், நீங்க கேளுங்க. சங்கத்துல நான் சொன்னதெல்லாம் பொய். பத்தொன்பது வருஷமா இந்த வாசப்படி நான் மிதிக்கல. மெழுகு போட்டானா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றார் ஹோல்கர்.

"என்ன தெரியும்?"

"நீ வரலைன்னு. ஈகிலே சொன்னான், வேட்டைக்குப் போனப்ப."

"தெரிஞ்சும் வருஷா வருஷம் எழுந்து நின்னு கேட்டீங்களா?"

"நீ எப்பதான் சொல்றேன்னு பாக்கலாம்னு."

"சீ" என்றாள் ஹெட்விக். அன்று காலையிலிருந்து அவள் பார்த்த எதற்கும் இவ்வளவு அழுத்தமாக அந்தச் சொல் வரவில்லை.

ஹோல்கர் தலையைக் குனிந்துகொண்டு மர ஆணிப் பையைப் பிரித்தார்.

தாளைப் பார்த்துப் பூட்டினார்கள். ஒன்று இரண்டுக்குள் போனது, இரண்டு மூன்றுக்குள். எதையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு ஆணியும் தன் துளைக்குள் போய் உட்கார்ந்தது. கதவு இரண்டும் கீலில் ஏறின. கடைசியில் ஹோல்கர் நாற்காலி மேல் ஏறி நிற்க, ஹெட்விக் உச்சிப் பலகையைத் தூக்கிக் கொடுத்தாள். அவர் இறங்கி வந்து பைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார். ஒரு ஆணிகூட மிஞ்சவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை.

"எங்க வீட்டு ஆள் பண்ணின வேலை" என்றாள் ஹெட்விக். பெருமையாகச் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்வதற்கு முன் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

அலமாரி அந்த அழுக்குச் சமையலறையில் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. நீலத்தின் மேல் ஜாம் வளையங்கள். உச்சியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு கதவு வரை வழிந்திருந்தது. ஈக்கள் அதற்குள் புகுந்து வெளியே வந்தன. மாய்லிஸ் எழுதினாள்: அலமாரி, ஓவியம் தீட்டியது, 1791, முழுமையானது.

ஹோல்கர் பின்பக்கம் போய் விரலால் தடவிப் பார்த்தார். "நாத்தம் சவுக்காரம் போட்டா போயிடும். இந்தப் பென்சில் எண்ணை எல்லாம் சங்கத்துக்கு வந்ததும் உப்புத்தாள் வச்சுத் தேச்சு எடுத்துடலாம். பாக்க வரவங்க எதுக்குக் கண்டதையும் கேக்கணும்?"

"கை வைக்காதீங்க" என்றாள் ஹெட்விக்.

"நான் ஒரு பேச்சுக்குத்தான்..."

"கையை எடுங்க ஹோல்கர்."

அவர் எடுத்தார். மாலின் சத்தியக் கையெழுத்தைப் போட்டாள். நால்வரும் வாசலில் உட்கார்ந்து, பழுப்பேறிய காலுறைகளை உரித்து ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டு, வெறும் காலில் ஷூவை மாட்டிக்கொண்டு போனார்கள்.

நாற்றம் தாங்காமல் சங்கம் அந்த அலமாரியை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. சங்கம் இரண்டு முறை கடிதம் எழுதிக் கேட்டது. பென்சில் எண்களில் கை வைப்பார்கள் என்று ஹெட்விக் ஹால்டின் கொடுக்கவில்லை.